கென்யாவுக்கு ஒரு விலை, தான்சானியாவுக்கு ஒரு விலை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாகப் போனிலும் நேரிலும் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். "நான் எம்பிராய்டரி டிசைனுக்குப் போட்ட விலை 10 டாலர். கென்யாவில் வாங்குகிறவருக்கு 11.60 என்று காட்டுகிறது. தான்சானியாவில் 11.80. தென்னாப்பிரிக்காவில் வெறும் 10. என் கைக்கு வருவது மட்டும் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. நடுவில் யார் எடுக்கிறார்கள்?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கழுத்து டிசைனுக்குப் பஞ்சிங் போட, அதாவது அதை எம்பிராய்டரி மெஷின் படிக்கும் ஃபைலாக மாற்ற, இரண்டு நாள் கண் எரிய கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நீங்கள். அந்த ஃபைலை இணையத்தில் விற்றுத் தருவது மட்டும்தான் எங்கள் வேலை. ஒவ்வொரு சென்ட்டுக்கும் நாங்கள் கணக்குச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொன்னால் குழப்பம்தான் கூடும் என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில் கென்யக் கணக்கு. உங்கள் விலை 10 டாலர். அதன்மேல் கென்யாவின் வாட் வரி 16%. வாங்குகிறவர் கொடுப்பது 11.60. அந்த 1.60 உங்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை. அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கென்ய வருவாய் ஆணையத்துக்குக் கட்டிவிடுகிறோம். மீதி 10 டாலரில் எங்கள் கமிஷன் எப்போதும்போல 15%, அதாவது 1.50. அப்புறம் 30 சென்ட் இன்னொரு வரிக்குப் போகிறது. உங்களுக்கு வருவது 8.20. முன்பு 8.50 வந்தது. குறைந்திருப்பது அந்த 30 சென்ட்தான்.

அந்த 30 சென்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் கென்யா 'டிஜிட்டல் சேவை வரி' என்று ஒன்றைத் தொடங்கியது. விற்ற தொகையில் 1.5%. இதைக் கமிஷனிலிருந்தே நாங்கள் கட்டி வந்தோம், உங்களிடம் பிடிக்கவில்லை. 2024 ஜூனில் அந்நாட்டு இளைஞர்கள் நிதி மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். கூட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. அதிபர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். ஆனால் அதில் இருந்த சில வரிகள் அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு சட்டத்தின் வழியாகத் திரும்பி வந்தன. அதில் ஒன்று நம் தொழிலைத் தொடுவது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'குறிப்பிடத்தக்க பொருளாதார இருப்பு வரி'. அந்த நாட்டில் உங்களுக்குக் கடையோ ஆபீஸோ இல்லாவிட்டாலும், இணையம் வழியாக அங்கே சம்பாதிக்கிறீர்கள் என்றால் அங்கே நீங்கள் இருப்பதாகத்தான் அர்த்தம் என்பது அதன் அடிப்படை. 2024 டிசம்பர் 27 முதல் பழைய 1.5% போய் இது வந்தது. விற்பனைத் தொகையில் 10% லாபம் என்று அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். அந்த லாபத்தில் 30% வரி. ஆக, விற்பனையில் 3%.

ஆண்டுக்கு 50 லட்சம் கென்ய ஷில்லிங்குக்குக் கீழே விற்கும் வெளிநாட்டவருக்குத் தொடக்கத்தில் விலக்கு இருந்தது. நம் எல்லோருடைய டிசைன் விற்பனையும் சேர்த்தே அந்த அளவைத் தொடவில்லை. நிம்மதியாக இருந்தோம். 2025 ஜூலை 1 முதல் புதிய நிதிச் சட்டம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. அதை நாங்கள் கவனிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து வாட் கணக்கைச் சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது. அந்த நான்கு மாத வரி, அபராதம், வட்டி எல்லாவற்றையும் கடைப் பணத்தில் கட்டினோம். தவறு எங்களுடையது, அந்தப் பணத்தை உங்களிடம் கேட்க மாட்டோம். அதற்குப் பிறகு நடந்த விற்பனையில் மட்டும்தான் 3% பிடிக்கிறோம். ஆனால் பிடிக்கத் தொடங்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டதற்கு மனதார மன்னிப்புக் கேட்கிறோம்.

"அவர்கள் ஊர் வரியை நாம் ஏன் கட்ட வேண்டும்?" என்று ஈரோட்டு நண்பர் ஒருவர் கோபமாகவே கேட்டார். எங்கள் மனதில் இருப்பதைச் சொல்கிறோம். வாட் நியாயமான வரி. நைரோபியில் ஒரு டிசைனர் கடை வைத்திருந்தால் அவர் 16% சேர்த்துத்தான் விற்க வேண்டும். திருப்பூரிலிருந்து நாம் அந்த வரி இல்லாமல் விற்றால் அவர் பிழைப்பு என்ன ஆகும்? நம் நாட்டிலும் இதே ஏற்பாடுதான். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக நம் வீடுகளுக்கு விற்கிறவர்கள் இங்கே வரி கட்ட வேண்டும் என்று 2016 டிசம்பரிலேயே விதி வந்தது. வெளிநாட்டு இணைய வணிக நிறுவனங்களின் வருமானத்தில் 2% வரி என்று 2020-ல் நம் அரசு ஒன்றைப் போட்டு, 2024 ஆகஸ்டில் விலக்கிக்கொண்டது.

ஆனால் விற்பனைத் தொகை மேலேயே போடும் இந்த 3% மாதிரி வரிகள் விஷயத்தில் எங்களுக்கு வருத்தம் உண்டு. லாபமா நஷ்டமா என்று பார்க்காமல் வாங்குவது ஒன்று. பெரிய நிறுவனங்களுக்கு நாட்டுக்கு ஒரு கணக்காளர் இருப்பார். பத்துப் பேர் கூடிச் செய்யும் தொழிலுக்கு அந்த வசதி ஏது? சிறியவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த 50 லட்சம் வரம்புதான். கென்யா அதை எடுத்தது சரியில்லை என்றே நினைக்கிறோம். அப்படி நினைத்தாலும் சட்டம் சட்டம்தான், கட்டுவோம். வாங்குகிறவரின் நாட்டை மாற்றிப் போட்டுவிட்டால் வரி இல்லையே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அதை மட்டும் செய்ய மாட்டோம்.

எங்கள் பழைய தளத்தில் நாடு தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'ஆப்பிரிக்கா' என்று ஒரே ஒரு வரி இருந்தது நினைவிருக்கும். அது இப்போது இல்லை. அங்கே இருப்பது ஐம்பத்துச் சொச்சம் நாடுகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். தான்சானியாவில் வாட்டின் பொது விகிதம் 18%, அதோடு 2022 ஜூலையில் வந்த 2% டிஜிட்டல் சேவை வரி. ஆகவே அங்கே உங்களுக்கு 8.30. உகாண்டாவில் 2023 ஜூலை முதல் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 5% வரி இருக்கிறது. இப்போதைக்கு அங்கே நமக்கு விற்பனை இல்லை. தொடங்கும்போது கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தென்னாப்பிரிக்கா இந்த விஷயத்தில் மூத்தது. 2014 ஜூனிலேயே வெளிநாட்டு மின்னணுச் சேவைகளுக்கு வாட் போட்டுவிட்டார்கள். ஆனால் சிறியவர்களுக்கு ஒரு வரம்பையும் வைத்தார்கள். 2019-ல் அதை 10 லட்சம் ராண்ட் என்று உயர்த்தினார்கள். நம் விற்பனை அதற்கு எவ்வளவோ கீழே. அதனால்தான் அங்கே 10 டாலர் 10 டாலராகவே நிற்கிறது.

நைஜீரியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்களில் பாதிப் பேருக்கு வருமானமே அங்கிருந்துதான். ஆண்கள் போடும் அக்பாடா என்ற தளர்வான நீள அங்கியின் கழுத்து, தொப்பி, கல்யாணத்துக்குக் குடும்பமே ஒரே துணியில் தைத்துக்கொள்ளும் ஆசோ எபி உடைகள் என்று லாகோஸிலும் கானோவிலும் எம்பிராய்டரிக்கு எப்போதும் கிராக்கிதான். அங்கே வாட் 7.5%தான், அது பெரிய பாரமில்லை. நம்மை அடித்தது பணப் பரிமாற்ற விதிகள். 2022-ல் அங்கே பல வங்கிகள் அந்நாட்டுப் பணமான நைராவில் இயங்கும் கார்டில் வெளிநாட்டுச் செலவை மாதம் 20 டாலர் என்று சுருக்கின. ஒரு தையற்கடைக்காரர் மாதத்துக்கு நம்மிடம் இரண்டு டிசைன் வாங்கினால் அதோடு கார்டு தீர்ந்தது. அடுத்து 2023 ஜூனில் நைராவின் மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டார்கள். ஒரு டாலர் 470 நைரா அளவில் இருந்தது, 2024 தொடக்கத்தில் 1,400-ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் விலையை ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை, ஆனால் அவருக்கு அதே டிசைன் மூன்று மடங்கு விலை. விற்பனை ஏன் விழுந்தது என்று அப்போது உங்களில் பலர் உங்கள் வேலைப்பாட்டைச் சந்தேகப்பட்டீர்கள். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை.

இப்போது லாகோஸில் ஒரு கடையோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறோம். நைராவில் விலை போட்டு, நைராவில் வாங்கி, அங்கத்திய வரியை அவர்களே கட்டி, மீதியை நமக்கு அனுப்புகிறார்கள். 2026 ஜனவரி 1 முதல் நைஜீரியாவில் புதிய வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதைப் படித்துப் பின்பற்றும் பொறுப்பு உள்ளூர்க்காரர் கையில் இருப்பது நமக்குப் பெரிய நிம்மதி.

விதி என்றால் வரி மட்டும் இல்லை. 2021 ஜூனில் நைஜீரிய அரசு ட்விட்டரை நிறுத்தியது. 2022 ஜனவரி வரை, ஏழு மாதம். அங்கே நம் டிசைன்களைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ட்விட்டர் வழியாக வந்தவர்கள். ஒரே நாளில் கடைக்கு வரும் தெருவையே அடைத்த மாதிரி ஆகிவிட்டது. உகாண்டாவில் 2018 ஜூலையில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி போட்டார்கள். ஜனங்கள் அதைச் சுற்றிப் போக வழி தேடினார்கள். 2021-ல் அதை எடுத்துவிட்டு இணைய டேட்டா மேல் 12% போட்டார்கள். கானாவில் மொபைல் பணப் பரிமாற்றத்துக்கு 2022 மே மாதம் 1.5% வரி வந்தது, பிறகு 1% ஆனது, 2025 ஏப்ரலில் அடியோடு நீக்கப்பட்டது. விதிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். இன்றைக்கு நாங்கள் சொல்லும் கணக்கு அடுத்த ஆண்டு இப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. ஆப்பிரிக்கக் கண்டத்துச் சுதந்திர வர்த்தகப் பகுதி என்ற ஒப்பந்தத்தின் கீழ் டிஜிட்டல் வர்த்தகத்துக்கென்று ஒரு பொது நெறிமுறையை 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்கள் ஏற்றிருக்கிறார்கள். அது அவர்களுக்குள் நடக்கும் வியாபாரத்துக்கானது, இந்தியா அதில் இல்லை. ஆனாலும் தகவல் பாதுகாப்பு, மின்னணுப் பணம் போன்றவற்றில் நாடுகள் ஒன்றையொன்று ஒத்துப்போகத் தொடங்கினால் நமக்கும் சுமை குறையும் என்று எதிர்பார்க்கிறோம்.

அடுத்தது, சிலருக்கு எங்கள் மேல் இருக்கும் மனக்குறை. "என் டிசைனை வாங்கியவர்களின் போன் நம்பரைக் கொடுங்கள், புது டிசைன் வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்" என்கிறீர்கள். உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் கொடுக்க முடியாது. கென்யாவில் 2019 முதல் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நைஜீரியாவில் 2023 ஜூனில் வந்தது. தான்சானியாவில் 2023 மே முதல். தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலையிலிருந்து கண்டிப்பாகிவிட்டது. வாங்கியவர் ஒப்புக்கொள்ளாமல் அவர் நம்பரை வேறொருவருக்குக் கொடுப்பது இந்தச் சட்டங்களின்படி தவறு. நைஜீரியாவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் மெட்டா நிறுவனத்துக்கே 22 கோடி டாலர் அபராதம் விதித்தது. நாம் எந்த மூலைக்கு? சட்டத்தை விடுங்கள், உங்கள் நம்பரை நாங்கள் யாருக்காவது கொடுத்தால் உங்களுக்குப் பிடிக்குமா? இனி பணம் கட்டும் பக்கத்தில், 'இந்த டிசைனரின் புதிய டிசைன்கள் பற்றித் தகவல் வேண்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்கிறவர்களுக்கு உங்கள் செய்தியை நாங்களே அனுப்புகிறோம்.

இதே பக்கத்தில் வாங்குகிறவரின் போன் நம்பரில் உள்ள நாட்டுக் குறியீடு, கார்டு அல்லது மொபைல் பணக் கணக்கு எந்த நாட்டுடையது, எங்கிருந்து இணையத்தில் வருகிறார் என்ற மூன்றையும் பார்க்கிறோம். மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் நாடு உறுதியாகும். அதனால் சில விற்பனை ஒரு நாள் தள்ளிக் காட்டலாம், பதற வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். உங்கள் பக்கத்தில் போட்டிருக்கும் விலை வரி சேர்க்காத விலையா என்று ஒருமுறை பாருங்கள், கென்யாவில் 11.60 அதிகம் என்று தோன்றினால் அடிப்படை விலையை நீங்களே குறைத்துக்கொள்ளலாம். நைஜீரியாவுக்கு நைராவில் தனி விலை போடும் இடமும் திறந்திருக்கிறது. வெளிநாடுகளில் கட்டிய வரிக்கான சீட்டு நகல்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் விற்பனைக் கணக்கோடு அனுப்புகிறோம், அவற்றை உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

இந்த மாதம் 25-ம் தேதிக்குள் விலையைச் சரிபார்த்துவிட்டால் அடுத்த மாதக் கணக்கு சரியாக வந்துவிடும். கம்ப்யூட்டரில் மாற்றத் தெரியாதவர்கள் செவ்வாய், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். பழைய கணக்குத் தாள்களையும் எடுத்து வைத்திருப்போம், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
கடை நிர்வாகம், திருப்பூர்