இரண்டாவது இஞ்செராவை எண்ண வேண்டாம், எத்தியே

அன்புள்ள எத்தியே,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் அனுப்பிய குரல் செய்தியை நான்கு தடவை கேட்டேன். அவள் பேசியது ஒரு நிமிடம்தான். பின்னால் உங்கள் குரல் கேட்டது. "டீச்சரிடம் கேள், அவள் அரிசி தின்று வளர்ந்தவள், அவளுக்குத் தெரியும்" என்று அம்ஹாரிக்கில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஊர் திரும்பிப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. அந்த வாக்கியம் முழுசாகப் புரிந்ததில் மனசு நிறைந்துவிட்டது.

மகளுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி பதில் போட்டுவிட்டேன். ஆனால் உங்களிடம் சொல்ல இருப்பதெல்லாம் எனக்குத் தமிழில்தான் வருகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். பிறகு போனில் ஒவ்வொரு வரியாக அவளுக்குச் சொல்கிறேன், அவள் உங்களுக்குச் சொல்லட்டும். இதை வாசிக்கும் என் ஊர்க்காரர்களுக்காக ஒன்று: 'எத்தியே' என்பது எத்தியோப்பியாவில் மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். நம் 'அக்கா'வுக்குப் பக்கத்தில் வரும். பஹிர் தார் நகரத்தில், தானா ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஆறு மெசோப் போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை எத்தியேயினுடையது. மெசோப் என்றால் புல்லால் முடைந்த கூடை, அதுதான் அங்கே சாப்பாட்டு மேசை. பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்த நான்கு வருடமும் எனக்கு அடுக்களை அந்தக் கடைதான். இஞ்செரா என்பது டெஃப் என்ற சின்னத் தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பெரிய, மெத்தென்ற அப்பம், அங்கே சோறு மாதிரி.

டெஃப் விலை ஏறிக்கொண்டே போகிறது, ஃபோகெரா அரிசி மாவைக் கலந்தால் இஞ்செரா தாங்குமா, எவ்வளவு கலக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் தன் யோசனையையும் சேர்த்துச் சொன்னாள். மாவைத் தொட வேண்டாம், கூடுதலாக வைக்கும் இஞ்செராவுக்குக் காசு வாங்கிவிடலாம், பக்கத்துக் கடைகளில் எல்லாம் அப்படித்தான் என்றாள்.

நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசியைக் கலந்துகொள்ளுங்கள். இரண்டாவது இஞ்செராவை மட்டும் எண்ணாதீர்கள்.

நான் உங்கள் கடைக்கு முதலில் வந்தது ஒரு புதன்கிழமை. உங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையில் புதனும் வெள்ளியும் நோன்பு நாள், இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் தவக்காலம் 40 நாள். உங்கள் ஹுதாதே 55 நாள் என்பதையே பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் கெண்டியும் பாத்திரமுமாக வந்து என் கையில் தண்ணீர் ஊற்றினீர்கள். பிறகு தட்டு வந்தது. ஒரே இஞ்செராவின் மேல் கடலைமாவு ஷிரோ, சிவந்த பருப்பு, மஞ்சள் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று சுற்றிச் சுற்றி வைத்திருந்தீர்கள். பெர்பெரே மிளகாய்ப் பொடியில் வெந்தயமும் ஓமமும் கருஞ்சீரகமும் இருப்பதை மூக்கு கண்டுபிடித்துவிட்டது. அதில் கோரெரிமா என்ற உங்கள் ஊர் ஏலக்காய் மட்டும் எனக்குப் புதிது. பாதி சாப்பிடும்போதே சுருட்டிய இஞ்செரா ஒன்றை என் முன்னால் வைத்தீர்கள். நான் கேட்கவில்லை. எவ்வளவு என்று கையால் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல் ஒரு துண்டைப் பிய்த்து, பருப்பைச் சுற்றி, என் வாயருகே கொண்டுவந்தீர்கள். நான் தயங்கித்தான் வாங்கிக்கொண்டேன். உடனே இன்னொன்று. இப்படி ஊட்டிவிடும் கவளத்துக்குக் குர்ஷா என்று பெயர், "ஒரு குர்ஷா சண்டையை மூட்டும்" என்று உங்கள் ஊரில் சொல்வார்கள் என்று பக்கத்து மெசோப்பில் இருந்த மாணவன் விளக்கினான். அதனால் ஒன்றோடு நிறுத்தக் கூடாதாம்.

உங்கள் கடையில் இரண்டாவது இஞ்செராவும் அப்படித்தான் வருகிறது என்று அன்றே எனக்குத் தோன்றியது. அதற்கு விலை போட்டால் சாப்பிடுகிறவர் கேட்பதற்கு முன்னால் யோசிப்பார். மாதக் கடைசியில் வரும் மாணவர்கள் கேட்கவே மாட்டார்கள். பசியோடு எழுந்து போவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இனி மாவு.

அந்த வாரம் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இஞ்செராவைப் "பெரிய புளித்த தோசை" என்று எழுதியிருந்தேன். அதைப் பெருமையாக உங்களிடம் சொன்னதும் நீங்கள் என்னை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனீர்கள். கசகசா அளவே இருக்கும் டெஃப் மணியை என் உள்ளங்கையில் கொட்டினீர்கள். மாவை எர்ஷோ விட்டுக் கரைத்து வைத்திருந்தீர்கள். போன தடவை மாவின் மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீர்தான் எர்ஷோ, அதுதான் உறை. மூன்றாம் நாள் அந்த நீரை இறுத்துவிட்டு, மாவில் கொஞ்சம் எடுத்துக் கொதிநீரில் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்துத் திரும்பவும் மாவிலேயே கலந்தீர்கள். "இது அப்சித். இது இல்லாவிட்டால் கண் விழாது" என்றீர்கள். எனக்குச் சிலிர்த்தது. நாகர்கோவிலில் என் அம்மா ஆப்பத்துக்குக் கப்பி காய்ச்சுவது அதே வேலைதான்: அரைத்த அரிசியில் கொஞ்சத்தைக் கூழாகக் காய்ச்சி மாவோடு சேர்ப்பாள். தோசைக்கு அது கிடையாது. சொந்தம் தேடினால் உங்கள் இஞ்செராவுக்கு ஆப்பம்தான் ஒன்றுவிட்ட தங்கச்சி.

பிறகு மிதாட் கல்லில் மாவு ஊற்றியதைப் பார்த்தேன். நாங்கள் நடுவில் ஊற்றி வெளியே இழுப்போம். நீங்கள் ஓரத்தில் தொடங்கி வட்டம் வட்டமாக உள்ளே வந்து நடுவில் முடித்தீர்கள். மூடி போட்டீர்கள். திருப்பிப் போடவே இல்லை. மூடியைத் திறந்ததும் மேலெல்லாம் ஆயிரம் கண். அன்றிலிருந்து நான் அதைத் தோசை என்று சொன்னதில்லை.

அரிசி தின்று வளர்ந்தவளாக எனக்குத் தெரிந்தது இவ்வளவு. அரிசிமாவில் சுட்டது சூட்டில் நன்றாக இருக்கும், ஆறினால் விறைக்கும். டெஃப் இஞ்செரா இரண்டு மூன்று நாள் கழித்து மடித்தாலும் வெடிக்காமல் இருக்கும். அரிசி கூடக்கூட அந்த இளக்கம் குறையும், சாயங்காலத்துக்குள் மடிப்பில் வெடிக்கும். நீங்கள் காலையில் சுட்டு இரவு வரை பரிமாறுகிறவர். அதனால் நாலில் ஒரு பங்குக்கு மேல் அரிசி வேண்டாம். அதிலும் அரிசியை நேராக டெஃப் மாவோடு கரைக்காமல் முதலில் அப்சித்தாகக் காய்ச்சிப் பாருங்கள். காய்ச்சிய அரிசி பச்சை மாவைவிட ஈரத்தைப் பிடித்துவைக்கும். எங்கள் ஆப்பம் மெத்தென்று இருப்பதற்குக் கப்பிதான் காரணம். உங்கள் மாவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று உங்கள் கைதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் எப்போதும் மாக்னாதான் வாங்குவீர்கள், எல்லாவற்றிலும் வெளுத்த, விலை கூடிய டெஃப். விருந்தாளிக்கு வெள்ளை இஞ்செரா வைப்பதுதான் மதிப்பு என்பீர்கள். சிவப்பும் வெளுப்பும் கலந்த செர்கெஞ்ஞா டெஃப் இறங்கின விலை. சிவப்பு டெஃப் ஒரு காலத்தில் ஏழைகளின் சாப்பாடு, இப்போது இரும்புச் சத்துக்காகப் பட்டணத்துக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். எங்கள் கேழ்வரகுக்கும் இதேதான் நடந்தது. என் பாட்டி கேழ்வரகுக் கூழ் குடித்ததை வெளியே சொல்ல மாட்டாள். இன்று அது இங்கே கல்யாண விருந்தில் வருகிறது. வெள்ளைக்காக நீங்கள் கொடுக்கும் அந்தக் கூடுதல் காசை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். செர்கெஞ்ஞாவோடு கலந்தால் அரிசியின் வெளுப்பும் சரியாகிவிடும்.

ஃபோகெரா அரிசி என்றதும் ஒரு நினைவு. கோந்தர் போகும் பேருந்தில் வொரெட்டாவைத் தாண்டும்போது ஜன்னலில் நெல் வயல் தெரிந்தது. ஏரிக்குக் கிழக்கே, மழையில் தண்ணீர் தேங்கும் அந்தச் சமவெளியில், சில பத்தாண்டுகளுக்கு முன்பு வடகொரிய வல்லுநர்கள் வழியாக வந்த பயிர் அது என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அவர் பயந்துபோனார். அந்த ஊர் வீடுகளில் அப்போதே அரிசியும் டெஃப்பும் கலந்துதான் இஞ்செரா சுட்டார்கள். ஆகவே நீங்கள் செய்யப்போவது ஏமாற்று இல்லை, உங்கள் ஏரிக்கரையிலேயே இருக்கும் வழக்கம்தான்.

சொல்லாமல் கலந்தால்தான் ஏமாற்று. தலைநகரில் இஞ்செரா மாவில் ஜிப்சம் கலந்து பிடிபட்ட செய்தி வந்தபோது நீங்கள் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தீர்கள் என்று மகள் எழுதியிருந்தாள். ஆகவே வாசலில் பலகை வையுங்கள்: செர்கெஞ்ஞா மூன்று பங்கு, ஃபோகெரா அரிசி ஒரு பங்கு. எழுத்து பெரிதாக இருக்கட்டும். வருத்தப்பட்டு இரண்டு பேர் வராமல் போகலாம். போகட்டும்.

காப்பியையும் குறைக்கப்போவதாக மகள் சொன்னாள். பச்சைக் கொட்டையைக் கண்முன்னால் வறுத்து, புகையை ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுவந்து காட்டி, ஜெபெனா என்ற மண் கெண்டியில் காய்ச்சி, அபோல், தோனா, பெரெக்கா என்று மூன்று சுற்று. மத்தியானக் கூட்டத்தில் இதற்கு நேரமும் இல்லை, கட்டுபடியும் ஆகாது என்பது எனக்குப் புரிகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வையுங்கள், தரையில் புல் பரப்பி, சாம்பிராணி போட்டு. அன்றைக்காவது மூன்றாவது சுற்றை விட வேண்டாம். பெரெக்கா என்றால் ஆசீர்வாதம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான்.

2023 ஆகஸ்டில் உங்கள் பக்கம் சண்டை தொடங்கி இணையம் அறுந்தபோது மாதக்கணக்கில் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் உங்களை நினைத்தேன். பிறகு மகளிடமிருந்து வந்த முதல் செய்தி "கடை திறந்திருக்கிறது" என்பதுதான். அந்த நாட்களில் பாதித் தட்டு மாவோடும் கடையைத் திறந்தீர்களாம். உள்ளே யார் நுழைந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் தலைநிமிர்ந்து "இன்ப்லா", வாருங்கள் சாப்பிடுவோம், என்றார்களாம். அவரவர் தட்டில் இருந்ததே கொஞ்சம். அந்தக் கடையில் கணக்குப் போட்டு இஞ்செரா வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதலில் ஒரே ஒரு நாள் மாவுக்கு மட்டும் செய்து பாருங்கள், கூட்டம் குறைந்த திங்கட்கிழமையாக இருக்கட்டும். அரிசி அப்சித் நன்றாக ஆறிய பிறகு சேருங்கள், சூடாகச் சேர்த்தால் உறை செத்துவிடும். முதல் இஞ்செராவை மூடி திறந்ததும் மகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கண் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
நாகர்கோவில்