தராசு இருக்கிறது, முள்தான் ஆடுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த விண்மீன் கட்டுரையைப் படித்துவிட்டு, "ஒரு விண்மீனுக்குச் சூரியனைப் போல் 80 மடங்கு நிறை என்கிறீர்களே, எந்தத் தராசில் வைத்துப் பார்த்தீர்கள்?" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 'பிரகாசத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துக்கொண்டதுதான் எனக்கு ஒப்பவில்லை. பிரகாசத்தைப் பார்த்து நிறை சொல்வது மதிப்பீடுதான். அது சரியா என்று சோதிக்கவே நிறுத்துப் பார்த்த விண்மீன்கள் வேண்டும்.

அந்தத் தராசு வேறெதுவுமில்லை, ஒன்றையொன்று சுற்றிவரும்போது நம் கண்ணுக்கு மாறிமாறி மறைத்துக்கொள்ளும் இரட்டை விண்மீன்கள். விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் (அதுதான் நிறமாலை) அதில் கோடுகள் தெரியும். விண்மீன் நம்மை நெருங்கும்போது நீலப் பக்கமும் விலகும்போது சிவப்புப் பக்கமுமாக அவை நகர்வதை அளந்தால் இரண்டின் வேகமும் தெரியும், அதிலிருந்து நிறையைக் கணக்கிடலாம். ஆனால் சுற்றுப்பாதை நம் பார்வைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாதவரை கிடைப்பது குறைந்தபட்ச நிறை மட்டுமே. ஒன்றை ஒன்று மறைக்கும் கிரகணம் நிகழ்ந்தால் சாய்வும் பிடிபட்டுவிடும். அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ஒளி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து ஆரமும் வெப்பநிலை விகிதமும் வரும். கட்டுரையாளர் சொன்ன 80, டபிள்யூஆர் 20ஏ என்ற ஜோடியாக இருக்கலாம். 3.7 நாளில் ஒரு சுற்று, இரண்டும் நொடிக்கு 350 கிலோமீட்டருக்கும் மேலான வேகம், தலா 82, 83 சூரியன் எடை. 2004-இல் இப்படித்தான் நிறுத்தார்கள்.

இதெல்லாம் கேட்கச் சுலபம். பெருநிறை விண்மீன்களில் வேலை படுத்தும். வெப்பம் அதிகம் என்பதால் நிறமாலையில் கோடுகளே குறைவு. இருப்பதும் வேகமான சுழற்சியில் அகன்று, இரண்டு விண்மீன்களின் கோடுகளும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நெருக்கத்தில் இரண்டும் முட்டை வடிவத்துக்கு இழுபடுவதால் கிரகணம் இல்லாத நேரத்திலும் ஒளி ஏறி இறங்கும். அப்புறம் மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே நுழைந்துவிடுவார்! ஓரியன் பட்டையின் மேற்கு ஓரத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் மின்டகாவில் நடந்தது அதுதான். அங்கே 5.73 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் ஜோடியின் பெரிய விண்மீனுக்கு 2002-இல் கிடைத்த நிறை சூரியனைப் போல் 11 மடங்கு. அந்த வகை விண்மீனுக்கு இது நம்ப முடியாத அளவு குறைவு. அருகிலிருந்த மூன்றாவது விண்மீனின் ஒளியைப் பிரித்தெடுத்த பிறகு வந்த ஆய்வுகள் 17 முதல் 24 வரை சொல்கின்றன. நாம் ராத்திரி நிமிர்ந்து பார்க்கும் விண்மீனுக்கே இந்தக் கதி.

அதனால் ஒரு வேண்டுகோள். நிறையை அச்சிடும்போது பிழை வரம்பை வெட்டிவிடாதீர்கள். என்ஜிசி 3603-ஏ1 ஜோடியின் பெரிய விண்மீனை '116 சூரியன்' என்று அதே கட்டுரையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். 2008-இல் அதை அளந்தவர்கள் எழுதியது 116, கூட்டல் கழித்தல் 31. அந்த 31-க்கும் பக்கத்தில் இடம் இருந்ததே?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்