பேத்திக்குப் பெயர் வைப்பது பற்றி

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய பெயர்ப் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தேன். பாதிப் பெயர்களுக்கு 'இளவரசி' என்றும் மீதிக்கு 'மகாலட்சுமி' என்றும் பொருள் போட்டிருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் வருகைப் பதிவேடு வாசித்தே காலத்தைக் கழித்தவள் நான். முனியாண்டியும் அஞ்சலையும் போய், அன்பழகனும் தமிழ்ச்செல்வியும் வந்து, அவர்களுடைய பிள்ளைகள் ஷகரமும் ஹகரமும் இல்லாமல் பெயரே இல்லை என்னும் நிலைக்கு வந்ததை அந்தப் பதிவேட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஒலிக்காகக் கோத்த பெயருக்குப் பிறகு ஒருவர் உட்கார்ந்து பொருள் எழுதினால் இளவரசிதான் கிடைப்பாள். பட்டியலை விட்டுவிடுவோம்.

கடிதத்தின் கடைசியில், பாட்டியின் பெயரை வைக்க ஆசை என்றும், ஆனால் அதில் 'குப்பை' இருக்கிறதே, சீனரான உன் மாமியாரும் மூத்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது மரியாதையில்லை என்கிறாரே என்றும் எழுதியிருந்தாய். பேச வேண்டியது அதுதான்.

குப்பம்மாள் என்ற பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. என் மாமியார் பெயரைச் சொல்லாமலே வாழ்ந்துவிட்டேன், இப்போது எழுதத்தான் செய்கிறேன். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. காய்ச்சல் கண்டு தோட்டத்திலேயே போய்விட்டன. அதனால் இவர் பிறந்ததும் முறத்தில் கிடத்தி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வீட்டுக்காரம்மா போய் எடுத்துவந்து, ஒரு படி தவிட்டுக்குப் பெற்றவளிடமே விற்றாராம். இது குப்பையில் கிடந்த பிள்ளை, யாருக்கும் வேண்டாத பிள்ளை, எடுத்துப் போக ஒன்றுமில்லை என்று சாவை ஏமாற்றுவதற்காக வைத்த பெயர் அது. குப்பன், பிச்சை, மூக்கன் என்று நம் தோட்டங்களில் கேட்ட பெயர்கள் பலவற்றுக்கும் கதை இதேதான். மங்கோலியாவிலும் பிள்ளைகளை இழந்த வீடுகளில் அடுத்த பிள்ளைக்கு 'நெர்கூய்' என்று வைப்பார்கள். பெயரில்லாதது என்று பொருள். 'எனேபிஷ்' என்றால் 'இது அன்று'. தேடி வருகிற கெட்ட ஆவி வீடு மாறிப் போய்விட வேண்டும். மாப்பிள்ளையின் தாத்தா ஊரைக் கேட்டுப் பார். நாய் என்று செல்லப் பெயர் வைத்து ஆண் பிள்ளையைக் காப்பாற்றிய கதை சீனக் கிராமங்களில் ஏராளம்.

இதையும் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. சீனரிடத்திலும் 'சாவ்தி' என்று பெண்ணுக்குப் பெயர் உண்டு. தம்பியைக் கூப்பிட்டு வா என்று பொருள். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் வேண்டாதவள் என்னும் பொருளில் 'நகுசா' என்று பெயர் வைக்கப்பட்ட பெண்பிள்ளைகள் 285 பேருக்கு 2011-இல் விழா எடுத்துப் புதுப் பெயர் வழங்கினார்கள். அந்தப் பெயர்கள் மாற்றப்பட வேண்டியவைதாம். பாட்டியின் பெயர் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வைத்தது. அதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சம்பந்தியம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் வழக்கத்தில் முன்னோர் பெயரில் உள்ள எழுத்தைக்கூடப் பிள்ளைக்கு வைக்க மாட்டார்கள். பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாயிலுக்கு முன்பு ஷுவான்வு என்று பெயர். காங்ஷி பேரரசரின் இயற்பெயரில் ஷுவான் என்ற எழுத்து இருந்ததால் வாயிலின் பெயரையே ஷென்வு என்று மாற்றினார்கள். நாமோ தாத்தா பெயரைத் தாங்குபவன் என்றுதான் பேரனையே பேரன் என்கிறோம். ஆனாலும் வித்தியாசம் நீ நினைக்கும் அளவுக்குப் பெரிதன்று. மாமனார் பெயரை மகனுக்கு வைத்துவிட்டு, அதைச் சொல்லித் திட்ட முடியாமல் 'ஐயா' என்றும் 'அப்பு' என்றும் கூப்பிட்ட மருமகள்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! யூதர்களுக்குள்ளேயே ஐரோப்பாவின் அஷ்கெனாசிகள் இறந்தவர் பெயரை மட்டும் வைப்பார்கள். ஸ்பெயின் வழிவந்த செஃபார்டிகள் உயிரோடிருக்கும் தாத்தா பெயரையே வைப்பார்கள். போன வாரம் சம்பந்தியம்மாவுடன் தொலைபேசியில் பேசினேன். அவருடைய கவலை அவர்கள் வம்சத்துப் பெயர்களைப் பற்றியது. நம் வீட்டுப் பாட்டியின் பெயரைப் பற்றி அவருக்கு மறுப்பே இல்லை.

எனவே என் யோசனை இது. தொட்டிலில் போடும் நாளில் குப்பம்மாள் என்ற பெயரைப் பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்லுங்கள். நான் மட்டும் அவளை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவேன், வேறு வழியில்லை. பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு தமிழ்ப் பெயரும் ஒரு சீனப் பெயரும் இருக்கட்டும். இரண்டும் ஒரே பொருளைச் சொல்வதாக இருந்தால் நல்லது. பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள் கண்டு, நம் பழைய கத்தோலிக்கர்கள் அவரைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவான் அருளப்பர் ஆனதும் அப்படித்தான். ஒலியைக் கடன் வாங்குவதைவிட எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. சீனத்தில் ஞாயிறும் திங்களும் சேர்ந்த எழுத்து 'மிங்', அதாவது வெளிச்சம். நம் பக்கம் சுடரொளி என்றோ எழிலொளி என்றோ வைத்தால் பொருந்தும்.

நட்சத்திர எழுத்தைப் பற்றி உன் அப்பா கேட்கச் சொன்னார். ரோகிணி என்றால் ஓ, வா, வீ, வூ என்று எழுத்து பார்ப்பது, கானா நாட்டு அக்கான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பதைப் போன்றதுதான். ஐ.நா. பொதுச்செயலராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்ததால் கோஃபி. இரட்டைப் பிள்ளை என்பதால் நடுப்பெயர் அட்டா. எழுத்து அமைந்தால் பார்ப்போம், அமையாவிட்டால் அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

குடும்பப் பெயர் மாப்பிள்ளையுடையதாகவே வரட்டும். உன் ஐசியில் (அடையாள அட்டையில்) மகள் என்பதற்கு மலாயில் 'ஏ/பி' போட்டு எழுதிய அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எண்ணி, மெல்பர்ன் மருத்துவமனையில் உன்னை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள் என்றாயே, அந்தத் தொல்லை பிள்ளைக்கு வேண்டாம். ஐஸ்லாந்தில் பிறந்திருந்தால் கவலையில்லை. அங்கும் நம்மைப் போலப் பெரும்பாலும் அப்பா பெயர்தான் பின்னால் வரும், தொலைபேசிப் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதைக்கூடச் சொந்தப் பெயர் வரிசையில்தான் அடுக்கினார்கள்.

ஒன்றை மட்டும் மாப்பிள்ளை தம் அப்பாவிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் வம்சத்தில் தலைமுறைக்கு ஓர் எழுத்து என்று கவிதையாக எழுதி வைத்திருப்பார்கள். ஒரு தலைமுறையில் பிறந்த பிள்ளைகள் எல்லாருடைய பெயரிலும் அந்த எழுத்து வரும். பல குடும்பங்களில் அதைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. பிறக்கப் போவது பெண் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டதால் இப்போதே கேட்டுவிடுங்கள். பெரியப்பா பையன்களுக்கு வைத்த எழுத்து என் பேத்திக்கும் வர வேண்டும் என்று நான் சொன்னதாகவே சம்பந்தியிடம் சொல்லலாம். அதற்கு இணங்கினால், சீனப் பெயரின் மற்ற எழுத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அது தெரிந்த பிறகு தமிழ்ப் பெயரை நான் முடிவு செய்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா