'பாகுமான்' பற்றி ஒரு மாற்றுக் கருத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'பாகுமான்' என்ற அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) தொடரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை வரையும் இரண்டு பள்ளிப் பையன்களின் கதையைப் பற்றித் தமிழில் ஒருவர் இவ்வளவு அக்கறையாக எழுதியதில் சந்தோஷம். ஆனால் 'விடாமல் உழைத்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்லும் தொடர்' என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 75 எபிசோடையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தத் தொடரில் உழைக்காதவர் என்று பார்த்தால் ஹிராமாரு என்ற மங்கா கலைஞர் ஒருவர்தான் தேறுவார். மற்ற எல்லோரும் ராப்பகலாக வரைகிறார்கள். தோற்பவர்களும் அப்படி வரைந்துவிட்டுத்தான் தோற்கிறார்கள். யார் மேலே வருவார் என்பது வேறு இரண்டு இடங்களில் முடிவாகிறது. ஒன்று, வாசகர் அனுப்பும் கருத்துக்கணிப்பு அட்டை. இன்னொன்று, எடிட்டரின் மேஜை. இவை இரண்டைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: மாஷிரோ படம் வரைவான், தகாகி கதை எழுதுவான். இருவரும் 'அஷிரோகி முத்தோ' என்ற ஒரே புனைபெயரில் வேலை செய்கிறார்கள். சுகுமி ஓபா எழுதி தகேஷி ஒபாதா வரைந்த மூல மங்கா 2008 முதல் 2012 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வந்தது. 'டெத் நோட்' மங்காவைத் தந்த அதே ஜோடிதான். அனிமே 2010 முதல் 2013 வரை மூன்று சீசன்களாக ஜப்பானின் என்.எச்.கே. கல்வித் தொலைக்காட்சியில் ஓடியது. மங்காவில் ஜம்ப், அதை வெளியிடும் ஷுவெய்ஷா நிறுவனம் என்று உண்மையான பெயர்களே வரும். அனிமேயில் அவை ஜாக், யுவெய்ஷா ஆகிவிட்டன. பொது ஒளிபரப்பில் ஒரு கம்பெனிக்கு விளம்பரம் ஆகிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார்கள் போலும்.

இனி அந்த அட்டை விஷயம். ஜம்ப் இதழோடு ஒரு கருத்துக்கணிப்பு அட்டை வரும். அந்த வாரம் பிடித்த மூன்று தொடர்களை எழுதி வாசகர் அனுப்ப வேண்டும். புதுத் தொடர் ஒன்று சில வாரங்கள் அடிமட்டத்திலேயே கிடந்தால், பத்துப் பதினைந்து அத்தியாயத்துக்குள் கதையை முடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். ஒரு வருடத்துக்குத் திட்டமிட்ட வில்லன் மூன்றே வாரத்தில் சாக வேண்டியிருக்கும்! தொடரில் மாஷிரோவும் தகாகியும் பயந்து நடுங்குவது எந்த எதிரிக்கும் இல்லை, எடிட்டரின் போன் அழைப்புக்குத்தான். இந்த வாரம் எத்தனையாவது இடம் என்று அவர் சொல்லப்போகும் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. சண்டையே இல்லாத ஒரு தொடரில் எண்ணை வைத்தே சண்டைக் காட்சிக்குரிய பதற்றத்தைக் கொண்டுவந்ததுதான் ஓபாவின் கெட்டிக்காரத்தனம்.

இந்த ஏற்பாட்டை முழுதாகப் புரிந்துகொண்டவன் நிஸுமா எய்ஜி. அவோமோரியிலிருந்து தோக்கியோ வரும் இந்த மேதைப் பையன், ஜம்பில் முதலிடம் பிடித்தால் தனக்குப் பிடிக்காத ஒரு தொடரை நிறுத்தும் உரிமை வேண்டும் என்று கேட்கிறான். எல்லோரும் திமிர் என்கிறார்கள். கடைசியில் அந்த உரிமையைத் தன்னுடைய 'க்ரோ' தொடரை முடிக்கவே பயன்படுத்துகிறான். (இதுவரை பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) நன்றாக விற்கும் தொடரைப் பத்திரிகை லேசில் முடிக்க விடாது. அதனால், தான் நினைத்த இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பதற்கே அவன் முதலிடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

எடிட்டர்கள் பக்கம் வந்தால், இவர்களுடைய முதல் எடிட்டரான ஹத்தோரி அகிராவைக் கட்டுரையாளர் 'வழிகாட்டி' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார். மியுராவின் பெயரே இல்லை. எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனது மியுராவால்தான். இவர்களுடைய முதல் தொடரான 'டிடெக்டிவ் ட்ராப்' தொடங்கும் நேரத்தில் ஹத்தோரி மாற்றப்பட்டு, இளைஞரான மியுரா பொறுப்புக்கு வருகிறார். அவருக்கு நகைச்சுவை மங்காதான் உயிர். ட்ராப் நின்ற பிறகு இவர்களையும் அந்தப் பக்கம் தள்ளி 'தான்தோ' என்ற நகைச்சுவைத் தொடரை எழுத வைக்கிறார். வாரா வாரம் சிரிப்பு வரவழைத்தே தகாகி காய்ந்துபோகிறான். தாக்குப்பிடிக்க முடியாமல் இவர்களே தொடரை நிறுத்திக்கொள்கிறோம் என்று போய்ச் சொல்கிறார்கள், தலைமை எடிட்டர் சசாகிக்குக் கோபம் வருகிறது. இவ்வளவுக்கும் மியுரா கெட்டவர் இல்லை. தன் பெயரில் ஒரு தொடராவது நிலைக்க வேண்டும் என்று தவிக்கும் சம்பளக்காரர். தொடர் நின்றாலும் அவருக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். வரைபவருக்கோ பக்கத்துக்கு இவ்வளவு என்று வரும் காசு அன்றோடு நின்றுவிடும், அதுவரை உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் அவர் கையிலிருந்துதான். இருவருமே நல்லவர்களாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் வயிற்றில் அடி விழும் இந்த உறவை யாரையும் திட்டாமல் காட்டியதற்காகவே தொடரைப் பார்க்கலாம்.

உழைப்புக்கு வருகிறேன். மாஷிரோவின் சித்தப்பா கவாகுச்சி தாரோ என்ற பெயரில் வரைந்தவர். ஒரே ஒரு தொடர் பேர் வாங்கித் தந்தது. அதன் பிறகு பல வருடங்கள் வரைந்து வரைந்து பத்திரிகையிடம் கொண்டுபோய், வேண்டாம் என்ற பதிலோடு திரும்பி வந்து, வேலைப்பளுவாலேயே இறந்தும் போனார். அவருடைய வேலை அறையில் உட்கார்ந்துதான் மாஷிரோவும் வரைகிறான். பள்ளிக்கூடம், வாரத் தொடர் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடி, கல்லீரலில் அறுவைச் சிகிச்சை வரை போகிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பேனா கீழே இறங்கவில்லை. அவன் பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை தொடரை நிறுத்திவைப்பதாக சசாகி அறிவிக்கிறார். சக கலைஞர்கள் கொதித்து, தங்கள் அத்தியாயங்களையும் தர மாட்டோம் என்று நிற்கிறார்கள். 'உத்வேகத்தின் உச்சம்' என்று உங்கள் கட்டுரை புகழ்வது இந்தப் பகுதியைத்தான்.

எனக்கென்னவோ சசாகி செய்ததுதான் சரி என்று படுகிறது. சித்தப்பாவுக்கும் எடிட்டராக இருந்தவர் அவர், அந்தச் சாவை அருகிலிருந்து பார்த்தவர். தொடருக்கும் இது பாதி தெரிந்திருக்கிறது, தெரியாமலா சித்தப்பாவை முதல் எபிசோடிலேயே கொண்டுவந்தது? ஆனால் உருக்கமான இசையைப் போட்டு நம்மைக் கட்டிலில் வரையும் மாஷிரோ பக்கமே சாய வைத்துவிடுகிறார்கள். அங்கே தொடர் கொஞ்சம் ஏமாற்றுகிறது என்பேன். உண்மையான ஜம்ப் இந்த விஷயத்தில் மெல்ல மாறியிருக்கிறது. 2021-ல் 'ஜுஜுத்சு கைசென்' அதை வரைபவரின் உடல்நிலைக்காகச் சில வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. 'ஹன்டர் x ஹன்டர்' இனி வாராந்திரத் தொடராக வராது என்று 2022 கடைசியில் அறிவித்தார்கள். அதை வரையும் தொகாஷி முதுகுவலியால் உட்காரவே முடியாதவர், அவரிடம் வாரம் 19 பக்கம் எப்படிக் கேட்பது?

முதலில் சொன்ன ஹிராமாருவையும் விட்டுவிட முடியாது. ஆபீஸ் வேலை பிடிக்காத ஆள். ஒருநாள் ஜம்பைப் புரட்டிப் பார்த்து, இது நம்மாலும் முடியும் போலிருக்கிறதே என்று வரையத் தொடங்கி, தொடரும் வாங்கிவிடுகிறார். அப்புறம்தான் இது ஆபீஸைவிடக் கொடுமை என்று தெரிகிறது. தப்பி ஓடப் பார்ப்பவரை எடிட்டர் யோஷிதா கார், வீடு, காதல் என்று ஆசை காட்டியே மேஜையில் உட்கார வைக்கிறார். வயிறு குலுங்கச் சிரித்தேன். உழைப்பில் ஆசையே இல்லாத இந்த மனிதரும் ஜெயிப்பதைக் கட்டுரையாளர் எந்தக் கணக்கில் வைப்பார்?

பெண் பாத்திரங்கள் விஷயத்தில் குறை நிறைய உண்டு. மாஷிரோ காதலிக்கும் பெண், குரல் நடிகையாக வர நினைக்கும் அஸுகி, கவர்ச்சிப் படப் புத்தகம் போடச் சொல்லும் ஏஜென்சியிடம் முடியாது என்று சொல்லும் இடம் நன்றாக இருந்தது. மற்றபடி பெரும்பாலும் காத்திருப்பதுதான் அவள் வேலை. ஆண்களின் கனவு, ஆண்களின் வீம்பு என்றே போகிறது கதை. இதைக் கட்டுரை தொடவே இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்கிற தொடர்தான் இது. முதல் சீசனில் காதல் சமாச்சாரம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது சீசனில் மியுரா வந்ததும் சூடு பிடிக்கும். மங்காவின் புத்தகப் பதிப்பில் ஓபா போட்ட கரடுமுரடான பென்சில் முன்வரைவையும் ஒபாதா முடித்த பக்கத்தையும் அடுத்தடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே காட்சி இரண்டு கைகளில் எப்படி மாறுகிறது என்பதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம். உங்கள் கட்டுரையாளரையே அதை எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன், படங்களோடு வெளியிட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்.