நாலு பாயிண்டை நம்பி எவ்வளவு தூரம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார சைக்கிள் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் வாங்கிய மறுநாளே எல்லோருக்கும் வருகிற சந்தேகத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பேட்டரியில் இன்னும் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹேண்டில்பாரில் சார்ஜ் காட்டும் சின்ன விளக்குகள், நாலு பாயிண்ட் எரிகிறதே, போதாதா என்பார்கள். சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். வடபழனியிலிருந்து ஆற்காடு சாலையில் நாலு பாயிண்டோடு வந்து, கோடம்பாக்கம் பாலத்தில் த்ராட்டிலை (மோட்டாரை ஓட வைக்கும் கைப்பிடியை) முறுக்கி ஏறிப் பாருங்கள். மூன்றாகும், பாதிப் பாலத்தில் இரண்டாகும். உச்சியைத் தாண்டி இறக்கத்தில் கையைத் தளர்த்தியதும் பழையபடி மூன்று, சில சமயம் நாலு. இறங்கும்போது சார்ஜ் ஏறிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பாவம், அப்படி எதுவும் நடப்பதில்லை. பெரும்பாலான மலிவு விலை சைக்கிள்களில் அந்த விளக்குகள் அந்த நொடியின் வோல்டேஜை மட்டும்தான் பார்க்கின்றன.

36 வோல்ட் லித்தியம் பேட்டரி என்றால் உள்ளே 10 செல் வரிசை தொடராக இருக்கும். முழு சார்ஜில் 42 வோல்ட். சுமார் 30-க்கு வந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். கொஞ்சம் பழைய பேட்டரியின் உள் தடை, அதாவது மின்சாரம் வெளியே வர பேட்டரிக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, 0.2 ஓம் என்று வையுங்கள். மேட்டில் மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் அங்கேயே இறங்கிவிடும். நின்றால் 38 காட்டுகிற பேட்டரி, ஏற்றத்தில் 36 காட்டும். 38 என்றால் பாதிக்கு மேல் இருக்கிறது, 36 என்றால் ஏறத்தாழ கால்வாசிதான். விளக்குக்கு இந்த வித்தியாசம் புரியுமா?

லித்தியத்திலேயே இரும்பு பாஸ்பேட் என்ற இன்னொரு வகை பேட்டரியில் நிலைமை இன்னும் மோசம். முக்கால்வாசி தீரும் வரைக்கும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், அப்புறம் சரசரவென்று இறங்கும். வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரிதான்: சுடரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, இரண்டு பாயிண்ட் எரியும்போதே வண்டி பொட்டென்று நின்றுவிடுவது. மொத்த வோல்டேஜ் சரியாகவே இருக்கும். ஆனால் 10 வரிசையில் ஒன்று மட்டும் சோர்ந்து போயிருந்தால், அது கீழ் எல்லையைத் தொட்டதும் போர்டு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடும். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஆன் செய்தால் வண்டி மறுபடி கிளம்பும். இது பேட்டரியைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அறிகுறி. நான் போன ஒரு கடையில் பிரிக்கவே இல்லை. விளக்கைப் பார்த்தார்கள், "பேட்டரி போச்சு சார், புதுசு மாத்திடுங்க" என்றார்கள். முழு சார்ஜ் போட்டு, எத்தனை ஆம்பியர்-ஹவர் (அதாவது மொத்தம் எவ்வளவு மின்சாரம்) தருகிறது என்று ஒரு தடவை அளந்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். சைக்கிள் விலையில் பெரிய பங்கு பேட்டரிதான், அதை விளக்கை வைத்தா முடிவு செய்வது?

ரிச்சி தெருவில் எண்ணாகக் காட்டும் சின்ன வோல்ட் மீட்டர் கிடைக்கிறது. வாங்கும்போது 100 வோல்ட் வரைக்கும் தாங்குவதாகக் கேட்டு வாங்குங்கள். 30 வோல்ட் மீட்டரும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், 42 வோல்ட்டைக் கொடுத்தால் அதன் கதை முடிந்தது. சாவிக்குப் பிறகு வரும் ஒயரில்தான் இணைக்க வேண்டும். நேராக பேட்டரியில் கொடுத்தால் வண்டி சும்மா நிற்கும்போதும் மீட்டர் சார்ஜைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஊருக்குப் போய்விட்டு வந்தால் பேட்டரி காலி. ஒயரில் கைவைக்கப் பயமென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அப்புறம், எண்ணைப் பார்க்க வேண்டியது சிக்னலில் நிற்கும்போது. ஓடும்போது பார்த்தால் இதுவும் அந்த விளக்கு சொல்கிற பொய்யைத்தான் சொல்லும். நின்ற நிலையில் 36-க்குக் கீழே போய்விட்டால் பெடலையும் சேர்த்துப் போடுவது நல்லது. 34 என்றால் வீட்டுப் பக்கம் திரும்பிவிட வேண்டும்.

ஆனால் இந்த வேலையெல்லாம் வாங்குகிறவர் தலையில் ஏன் விழ வேண்டும்? போகிற, வருகிற மின்சாரத்தை ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாக எண்ணிக் கணக்கு வைக்கும் சிப் நம் சட்டைப்பையில் இருக்கும் போனிலேயே இருக்கிறது. 30,000 ரூபாய் சைக்கிளில் அதைப் போட முடியாதா? முடியவில்லையென்றால் வோல்டேஜையாவது எண்ணாகக் காட்டட்டும்.

பெட்டியின் மேல் "40 கிலோமீட்டர் போகும்" என்று போடுகிறவர்கள் வாட்-ஹவரையும், அதாவது வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கி வரும் பேட்டரியின் மொத்த ஆற்றலையும், அதே பெரிய எழுத்தில் போடலாம். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-ஹவர் என்றால் சுமார் 280 வாட்-ஹவர். பெடல் போடாமல் த்ராட்டிலிலேயே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-ஹவர் வரை செலவாகும். ஆக 20-க்குக் கொஞ்சம் குறைவு என்பதிலிருந்து 28 கிலோமீட்டர் வரைக்கும்தான். 40 வேண்டுமென்றால் நாமும் மிதிக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சைக்கிள்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வாட்-ஹவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். சார்ஜை எண்ணாகக் காட்டுமா, விளக்காகக் காட்டுமா என்பதற்கு இன்னொரு கட்டம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடபழனி, சென்னை.