கறுப்புக் கல்லும் வெள்ளை நுரையும்

கிருஷ்ணகிரி,
மாசி மாதம்

அன்புள்ள நண்பா,

இங்கு எல்லோரும் நலம். தங்கைக்கு முழங்கால் வலி குறைந்ததா என்று எழுது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெங்களூரா மாமரம் இலை தெரியாமல் பூத்திருக்கிறது. பனிதான் இன்னும் விட்டபாடில்லை. பூ கருகிவிடுமோ என்று காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

பொங்கல் விடுமுறையில் ஒகேனக்கலில் நீ எடுத்த படங்களை இரண்டு நாட்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். புதுக் கேமராவில் கோளாறு என்று எழுதியிருக்கிறாய். கோளாறு எதுவும் இல்லை. அருவி மட்டும் நிறைந்த படத்தில் நுரை அழுக்கு வேட்டிபோல இருக்கிறது. அருவிக்கு முன்னால் தங்கை நிற்கும் படத்தில் முகம் இருண்டு கிடக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

ஸ்டுடியோ தொடங்கிய புதிதில் ஒரு கிரானைட் வியாபாரி தன் சரக்கைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். நம் பக்கத்துக் கறுப்புக் கல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பலகை பலகையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் நடுவில் நிற்கும்படி வைத்து ஒரு ஸ்லைடு ஃபிலிம் ரோல் முழுவதும் எடுத்தேன். கழுவி வந்ததைப் பார்த்தால் எல்லாக் கல்லும் சாம்பல் நிறம். "இது என் கல்லே இல்லை" என்று சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மீட்டருக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. எதைக் காட்டினாலும், படும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்றே அது கணக்குப் போடும். கறுப்புக் கல்லைக் காட்டினால் வெளிச்சம் போதவில்லை என்று கூட்டிவிடும். நுரையைக் காட்டினால் அதிகம் என்று குறைத்துவிடும். உன் கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். நுரை நிறைந்த காட்சிக்குக் கூட்டல் 1 வைத்துப் பார். தங்கையின் முகத்துக்கு 2 வரை தேவைப்படலாம். அப்போது பின்னால் அருவி வெளுத்து, நீரின் இழை தெரியாமல் போகும். நானாக இருந்தால் முகத்தைத்தான் காப்பாற்றுவேன்.

அந்த 1 என்பது ஒரு ஸ்டாப். ஒளி இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும். லென்ஸின் துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஒளியை உணரும் திறனைக் காட்டும் ஐ.எஸ்.ஓ. எண் ஆகிய மூன்றையும் இந்த ஒரே அளவில்தான் எண்ணுகிறோம். ஷட்டரில் வினாடியில் 125-இல் ஒரு பங்கு, 250-இல் ஒரு பங்கு என்று போவது எளிதில் விளங்கும். துளையின் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசைதான் எல்லோரையும் குழப்புகிறது. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது அந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் துளை 25 மில்லிமீட்டர் என்றால் எஃப் 2. எண் ஏறினால் துளை சிறுக்கும். ஒவ்வொரு படியிலும் துளையின் பரப்பு பாதியாகிறது. அதனால்தான் எண் இரண்டு மடங்காகாமல் சுமார் 1.4 மடங்காக ஏறுகிறது. ஐ.எஸ்.ஓ. 100, 200, 400 என்று நேராக இரட்டிக்கும். இருட்டில் கைகொடுக்கும், மிக ஏற்றினால் படம் மணல் தெளித்ததுபோல ஆகிவிடும்.

நீர் பஞ்சுபோல வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். நீ போனது உச்சி வெயிலில். அந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 என்றால் ஷட்டர் ஏறக்குறைய வினாடியில் 125-இல் ஒரு பங்கு. பஞ்சாக வேண்டுமென்றால் கால் வினாடியாவது வேண்டும். இடையில் 5 ஸ்டாப், அதாவது 32 மடங்கு ஒளி மிகுதி. லென்ஸின் முன்னால் அத்தனையையும் தடுக்கும் சாம்பல் கண்ணாடி மாட்ட வேண்டும். இல்லையென்றால் விடியலில் போக வேண்டும். கால் வினாடிக்குக் கை நிலைக்காது, ஸ்டாண்டு அவசியம்.

ஆனால் எனக்கு அந்தப் பஞ்சைவிட, பரிசல்காரர் துடுப்பைத் தூக்கும்போது நுனியிலிருந்து சிதறும் துளிகள்தான் பிடிக்கும். அதே வெயிலில் எஃப் 5.6, வினாடியில் 1000-இல் ஒரு பங்கு வை. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக, கண்ணாடி மணிபோல அந்தரத்தில் நிற்கும். நேரில் நம் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

பங்குனி வெயில் ஏறுவதற்குள் இரண்டு நாள் வந்து இரு. தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக முதல் பஸ்ஸில் ஒகேனக்கல் போய்விடலாம். வரும்போது துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணி ஒன்று கொண்டு வா. அங்கே சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்