டவுனில் உட்கார ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் பூங்காவுக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நுவரெலியாவில் 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிப் பெயர் சூட்டிய பூங்கா இருக்கிறது. 1873இல் அமைத்த கிரகரி வாவி இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால், மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் பயிரிட 1861இல் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவை டிக்கெட் வாங்கி, ஏப்ரல் சீசனில் ஒரு தடவை போய்வருகிற இடங்கள். அன்றாடம் உட்கார்ந்து நாலு பேரோடு கதைக்க எங்கே போவது?

சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் டவுனுக்கு வந்து பாருங்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் சாமான் பைகளைக் காலடியில் வைத்து, இடுப்பில் பிள்ளையோடு கடை வாசல்களில் நிற்பார்கள். உட்கார வேண்டுமானால் தேத்தண்ணிக் கடைதான். குடித்து முடித்ததும் எழும்ப வேண்டும். முன்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மரமும் அதனடியில் சிமெந்து வாங்குகளும் இருந்தன. வேறு வேறு தோட்டங்களில் கட்டிக்கொடுத்த அக்கா தங்கச்சிகள் சந்திப்பது அங்கேதான். பென்சன் எடுத்த சிங்களப் பெரியவர்கள் வருவார்கள், முஸ்லிம் கடைக்காரர்கள் வருவார்கள். பிள்ளைகளுக்கோ ஓடிப்பிடித்து விளையாட மொழியே தேவைப்படவில்லை. இப்போது அது வாகனத் தரிப்பிடம். நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மட்டும்தான்.

கண்டி வாவிக் கரையில் காலையிலும் மாலையிலும் நடப்பவர்களைக் கவனித்திருக்கிறேன். தினமும் எதிர்ப்படுகிற முகம் சில நாளில் சிரிக்கும், அப்புறம் நின்று சுகம் விசாரிக்கும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வாழ்கிறவர்களுக்கு அப்படி ஓர் இடம் இன்னும் அவசியம். பையன்களுக்காவது மைதானம் இருக்கிறது. குமர்ப் பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் அதுவும் இல்லை.

பெரிய நிலம் கேட்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் இல்லை என்று சொல்கிற ஒரு துண்டு நிலம் போதும். எங்கள் ஊர் மழைக்குப் புல்தரையும் பூச்செடியும் மட்டும் உதவாது. கூரை போட்ட கொட்டகை, வாங்குகள், இருட்டினால் வெளிச்சம், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய மலசலகூடம் இவ்வளவும் வேண்டும். நுழைவுக் கட்டணம் வேண்டாம். மலையக நகர சபைகளும் பிரதேச சபைகளும் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். அதுவரைக்கும், மிஞ்சியிருக்கிற மரத்தடிகளையாவது தரிப்பிடமாக்காமல் விட்டுவைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நுவரெலியா மாவட்டம்